ஓரத்தம்மாவின் விரல்

எங்கள் பட்டறைக்கு வருகிறவர்கள் சாமான் அலமாரியின் கதவைப் பார்த்து, "என்னங்க, துப்பாக்கி சுட்ட மாதிரி இருக்கு?" என்று கேட்பார்கள். நெஞ்சு உயரத்தில் ஒரு குழி. துப்பாக்கியெல்லாம் இல்லை. கட்டைவிரல் நீளம்கூட இல்லாத ஒரு பிட்டு, மரத்தின் ஓரம் சீவுகிற ரவுட்டர் மெஷினிலிருந்து கழன்று பறந்து வந்து குத்திய இடம். அதற்கு ஒரு சாண் இந்தப் பக்கம் என் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். ஆனால் அன்று எங்களை உலுக்கிப் போட்டது அந்தப் பிட்டு இல்லை. அது பறந்த பிறகு தெரியவந்த விஷயம். அது என் அண்ணியைப் பற்றியது. அவர் இனி மெஷின் பிடிக்கலாமா கூடாதா என்பதைப் பற்றியது.

பட்டறையில் நாங்கள் மூன்று பேர். நான் மரம் அறுத்து இணைப்பேன். அண்ணன் பாலிஷ் போடுவார், வருகிறவர்களிடம் பேசுவார், பேசுவதுதான் அதிகம். அண்ணிக்கு ஓரம். மேசையோ கட்டிலோ மாடிப்படிக் கைப்பிடியோ, ஆள் கை படுகிற விளிம்பையெல்லாம் மெஷினால் உருட்டி மழுக்குவது அவர் வேலை. கல்யாணமாகி வந்த புதிதில் அண்ணனுக்குச் சாப்பாடு கொண்டுவந்தவர், அண்ணன் உருட்டி வைத்திருந்த ஓரத்தைத் தடவிப் பார்த்து, "இது என்ன, எலி கடிச்ச மாதிரி இருக்கு?" என்றார். "அவ்வளவு தெரிஞ்சா நீயே பண்ணு" என்று அண்ணன் மெஷினை நீட்டினார். வாங்கியவர் திருப்பித் தரவே இல்லை. வட்டாரத்தில் ஓரத்தம்மா என்றே அவருக்குப் பெயராகிவிட்டது. போனில் கூப்பிடுகிறவர்கள், "ஓரத்தம்மா இருக்காங்களா? இல்லேன்னா அப்புறம் வர்றோம்" என்பார்கள். அப்போது அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டும், வெந்நீர் பட்ட கீரை மாதிரி இருக்கும்.

ஓரம் உருட்டும் பிட்டு என்பது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. மெஷினுக்குள் போக ஒரு தண்டு. அதன் கீழே வளைந்த இரண்டு வெட்டுவாய். நுனியில் ஒரு குட்டிப் பேரிங். பேரிங் பலகையின் பக்கத்தை ஒட்டி உருள, வெட்டுவாய் விளிம்பைச் சீவிக்கொண்டு போகும். எவ்வளவு வளைவு வேண்டும் என்பதில்தான் சூட்சுமம். கடைக்காரர்கள் அதை எண்ணில் சொல்வார்கள். அண்ணி விரலில் சொல்வார்: சுண்டுவிரல், நடுவிரல், கட்டைவிரல்.

"எழுதற மேசைக்குச் சுண்டுவிரல் போதும், தம்பி. முழங்கை ஊனற இடம். ரொம்ப உருட்டினா ஆளு சறுக்கிடுவான்" என்பார். கனம் இல்லாத பலகைக்குக் கட்டைவிரல் கேட்டு யாராவது வந்தால், "சோப்பு மாதிரி ஆயிடும். நாளைக்கே பழைய சாமான்னு நெனச்சு எடைக்குப் போட்டுடுவீங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

கெட்டி மரம் என்றால் இன்னும் கறார். பிட்டின் வாய் கூராக இருக்க வேண்டும். மழுங்கிய வாய் கெட்டி மரத்தை வெட்டாது, சுடும். பிட்டு பெரிதானால் வேகத்தைக் குறைக்க வேண்டும். முழு வளைவையும் ஒரே இழுப்பில் எடுக்கக் கூடாது. மேலோட்டமாக ஒன்று, ஆழமாக ஒன்று, கடைசியில் மயிரிழையளவு ஒன்று. பலகையின் குறுக்குப் பக்கத்தை முதலில் முடித்துவிட வேண்டும். அங்கே மூலை பிய்ந்தாலும் நீளப் பக்கத்தை ஓட்டும்போது அந்தப் பிசிறு போய்விடும். நடுவில் நின்றால் கறுப்புத் தழும்பு விழும். "கெட்டி மரமும் உங்க அண்ணனும் ஒண்ணு. நின்னு பேசினா சூடாயிடும். நகந்துக்கிட்டே சொல்லணும்" என்பார் அண்ணி, அவர் காதுபடவே.

எங்களிடம் இரண்டு மெஷின்கள். தண்டைக் கவ்விப் பிடிக்கும் வாய்க்குக் காலெட் என்று பெயர். பழைய மெஷினின் காலெட் ஆறு எம்.எம். தண்டுக்கு. புதியதன் காலெட் கால் அங்குலத் தண்டுக்கு. இரண்டுக்கும் நடுவே வித்தியாசம் நாலைந்து தலைமுடியின் கனம்தான். பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். பெரிய தண்டு சின்ன வாயில் நுழையவே நுழையாது. அதனால் கவலை இல்லை. சின்னத் தண்டு பெரிய வாயில் போய்விடும். இறுக்கினால் பிடித்த மாதிரியே இருக்கும். ஓட ஓடத்தான் நழுவும். அதனால் இரண்டுக்கும் தனித்தனிப் பெட்டி.

தண்டில் பெயிண்ட் வைத்து அடையாளம் போடலாம் என்று ஒருமுறை நான் சொன்னேன். அண்ணி ஒரு தண்டை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உருட்டினார். "இது ஆறு. கண்ணைக் கட்டிவிடு, அப்பவும் சொல்றேன்." கட்டிவிட்டோம். ஒன்றுகூடத் தப்பவில்லை. பந்தயத்தில் தோற்ற அண்ணன் அன்று முழுக்கப் பட்டறையைக் கூட்டினார். அதற்குப் பிறகு அடையாளப் பேச்சே எழவில்லை. அண்ணியின் விரல்தான் அடையாளம்.

கொஞ்ச காலமாக அண்ணியிடம் சில மாற்றங்கள். கையில் எடுத்த ஸ்க்ரூ கீழே விழும். ஊசியில் நூல் கோக்க என் மனைவியைக் கூப்பிடுவார். "கண்ணு அவ்வளவுதான் தங்கச்சி, போச்சு" என்பார். ஒருநாள் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார். அண்ணன் எழுந்து நின்று, "வாங்க டீச்சர், வீட்டுப்பாடம் எழுதல டீச்சர்" என்று கையைக் கட்டிக்கொண்டார். வீட்டில் அடுப்பிலிருந்து கொதிக்கிற பாத்திரத்தைத் துணி இல்லாமலே இறக்குவார். "என் பொண்டாட்டிக்கு இரும்புக் கைடா" என்று அண்ணன் போகிற வருகிற இடமெல்லாம் சொல்லிப் பீற்றிக்கொள்வார். இன்னொன்றும் உண்டு. உருட்டி முடித்த ஓரத்தை அண்ணி இப்போதெல்லாம் விரலால் தடவுவதில்லை. குனிந்து கன்னத்தை வைத்து இழுத்துப் பார்ப்பார். "கை காய்ச்சுப் போச்சு. கன்னம் பொய் சொல்லாது" என்பார். மரத்தைக் கொஞ்சுகிறார் என்று வாடிக்கையாளர்கள் ரசிப்பார்கள். நாங்களும் ரசித்தோம்.

அப்போது ஒரு குழந்தைகள் காப்பகத்துக்குக் கட்டில்கள் செய்துகொண்டிருந்தோம். பக்கத் தடுப்புகள் மட்டும் கெட்டி மரத்தில் வேண்டும் என்று காப்பகத்து அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "எல்லாம் பல்லு முளைக்கிற பசங்க. தடுப்பைப் பிடிச்சுக்கிட்டு நின்னு கடிக்கறாங்க. போன கட்டிலெல்லாம் தின்னு போட்ட சோளக்கதிர் மாதிரி ஆயிடுச்சு."

அண்ணி நடுவிரல் வளைவைத் தேர்ந்தெடுத்தார். "சுண்டுவிரல்னா ஈறுல குத்தும். கட்டைவிரல்னா பிஞ்சுக் கைக்குப் பிடி கிடைக்காது, வழுக்கி விழும்" என்றார். கேட்டுக்கொண்டிருந்த காப்பகத்து அம்மா கையெடுத்துக் கும்பிடாத குறை.

வேலை தொடங்குவதற்கு முந்தின நாள் அண்ணன் பிட்டுகளை எல்லாம் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, பிசினும் கரியும் போகத் தேய்த்துக் கழுவி வைத்தார். நல்ல மனசோடு செய்த வேலைதான்.

மதியச் சாப்பாடு முடிந்திருந்தது. நான் பலகைகளைப் பசை தடவி ஒட்டிக் கிளாம்ப் இறுக்கிக்கொண்டிருந்தேன். அண்ணன் அலமாரிப் பக்கம் நின்று பாலிஷ் துணி தேடிக்கொண்டிருந்தார். அண்ணி காதுமூடியை மாட்டிக்கொண்டு, புது மெஷினில் பிட்டை ஏற்றி, முதல் தடுப்பை ஓட்ட ஆரம்பித்தார்.

பாதியில் மெஷின் சத்தம் மாறியது. நன்றாகப் பாடிக்கொண்டிருந்தவனுக்குத் திடீரென்று தொண்டை கட்டிய மாதிரி. திரும்பிப் பார்த்தேன். அண்ணி உருட்டிக்கொண்டு போன விளிம்பில், வளைவுக்கு மேலே ஒரு படி விழுந்திருந்தது. போகப் போக அந்தப் படி ஆழமாகிக்கொண்டே போனது. பிட்டு கீழே இறங்குகிறது! மெஷின் உடம்பு கிடுகிடுவென்று ஆடுவது அத்தனை தூரத்திலிருந்த எனக்கே கண்ணில் தெரிந்தது. கையில் பிடித்திருக்கிறவருக்குத் தெரியாதா? இதோ நிறுத்தப்போகிறார், இதோ நிறுத்தப்போகிறார் என்று பார்த்தேன். அவர் பாட்டுக்கு நிதானமாகத் தள்ளிக்கொண்டே போனார். முகத்தில் சலனமே இல்லை.

"அண்ணி! ஆஃப் பண்ணுங்க! அண்ணி!"

காதுமூடியில் எதுவும் ஏறவில்லை. நான் கிளாம்பைப் போட்டுவிட்டு ஓடினேன். பாதித் தூரம் போவதற்குள் படார் என்று ஒரு சத்தம். மெஷின் ஒரு துள்ளுத் துள்ளியது. தடுப்பிலிருந்து ஊசி மாதிரி ஒரு மரச் சிம்பு பிளந்து தெறித்தது. அண்ணனுக்குப் பக்கத்தில் அலமாரிக் கதவு 'டக்' என்றது.

நான் மெஷினின் ஒயரைப் பிடுங்கினேன். அண்ணன் கையில் பாலிஷ் துணியோடு, கதவில் குத்தி நின்ற பிட்டைப் பார்த்தார். தன் நெஞ்சைப் பார்த்தார். மறுபடி பிட்டைப் பார்த்தார். அப்படியே சரிந்து மரத்தூளில் உட்கார்ந்துவிட்டார்.

காதுமூடியைக் கழற்றிவிட்டு முதலில் வாய் திறந்தது அண்ணிதான். "பெட்டியை எவன் கலந்தது?"

அண்ணன் உட்கார்ந்த இடத்திலிருந்தே கையைத் தூக்கினார். "நான்தான் கழுவி வெச்சேன். ஒரே பெட்டியில போட்டுட்டேன். அதனால என்ன? நீதான் தடவிப் பாத்து எடுப்பியே!"

நான் குறட்டால் பிட்டைப் பிடுங்கி எடுத்துவந்து காலெட்டில் தண்டை விட்டுப் பார்த்தேன். அப்பன் செருப்பில் பிள்ளை காலை நுழைத்த மாதிரி லொடலொடத்தது.

"அண்ணி, இது ஆறு எம்.எம். உருட்டிப் பாக்கலையா?"

"பாத்தேன்."

"பாத்துமா?"

"பாத்தேன்னு சொல்றேன்ல! விடேன் தம்பி, சும்மா நொய் நொய்னு."

அப்போதுதான் தடுப்பின் மேல் சொட்டுச் சொட்டாக விழுவதைப் பார்த்தேன். சீவிய மரத்தின் வெளுத்த முகத்தில் பளிச்சென்று சிவப்பு.

"அண்ணி, ரத்தம்."

"ஐயோ, யாருக்கு?" என்றார். பதறிப்போய் அண்ணனைப் பார்த்தார்.

"உங்களுக்கு."

அவர் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரத்தம் வலது கையிலிருந்து வழிந்துகொண்டிருந்தது.

தெறித்த சிம்பு அவருடைய ஆள்காட்டி விரலில், நகத்துக்கு அடியில், பாதி விரல்வரை ஏறியிருந்தது. நகம் பிளந்திருந்தது. அண்ணி அதை அடுத்தவர் விரலைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். பிறகு பலகையிலிருந்து ஆணி பிடுங்குவது போல இடது கையால் பிடித்து இழுத்தார். பார்த்துக்கொண்டிருந்த எனக்குப் பல்லெல்லாம் கூசியது. அவர் முகம் சுளிக்கவில்லை. 'ஸ்' என்றுகூடச் சொல்லவில்லை.

"வலிக்கலையா?" என்றார் அண்ணன்.

அண்ணி கண்ணாடியைக் கழற்றி என்னிடம் நீட்டினார். "போட்டுப் பாரு தம்பி."

போட்டேன். அலமாரி அப்படியே தெரிந்தது. கதவுக் குழி அப்படியே தெரிந்தது. பெரிதாகவும் இல்லை, மங்கலாகவும் இல்லை. கழற்றினேன், மறுபடி போட்டேன்.

"இது வெறும் கண்ணாடி அண்ணி."

"வெறும் கண்ணாடிதான். நூல் கோக்க முடியலன்னா கண்ணைத்தான் கேப்பீங்க. கையைக் கேக்க மாட்டீங்க."

இப்படி ஒரு காரியத்தை ஒரு மனுஷி செய்வார் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. கடைக்குப் போய், பவர் இல்லாத கண்ணாடி கேட்டு வாங்கி, எங்கள் கேலியை எல்லாம் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டு, தினமும் மாட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

"எப்போலேர்ந்துடி?" என்றார் அண்ணன்.

"முதல்ல குளிர் நாள்ல விரலெல்லாம் வெளுத்துப்போகும். தேச்சா உசுரு வந்துடும். அப்புறம் தேச்சாலும் வரல. இப்போ நுனி மொத்தமும் கட்டை."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா மெஷினைப் பிடுங்கிப்பீங்க."

"பிடுங்காம பின்ன?"

"அதனாலதான் சொல்லல."

அண்ணன் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்தார். தன் சட்டையைக் கிழித்து விரலைச் சுற்றினார். "நான் கை பிடிக்கறதாவது தெரியுமா உனக்கு?" என்றார்.

"பாத்தா தெரியும்" என்றார் அண்ணி.

அண்ணன், "இரும்புக் கைன்னு எத்தனை பேர்கிட்ட பெருமை அடிச்சேன்…" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அண்ணியைக் கண்ணை மூடச் சொன்னார். ஊசி முனையால் ஒவ்வொரு விரல் நுனியாகத் தொட்டு, "இது எந்த விரல்?" என்று கேட்டார். அண்ணி தைரியமாக ஏதேதோ சொன்னார். ஒன்றும் சரியில்லை. சில நேரம் டாக்டர் தொடாமலே கேட்டார். அதற்கும் அண்ணி பதில் சொன்னார். கண்ணைக் கட்டிவிட்டுப் பந்தயம் கட்டிய நாள் எனக்கு ஞாபகம் வந்தது. வெளியே போய் நின்றுகொண்டேன்.

வருடக்கணக்காகக் கையில் ஏறிய அதிர்வு நரம்பைத் தின்றுவிட்டதாம். அதிர்கிற மெஷினை இனிமேல் பிடிக்கவே கூடாது. போன உணர்ச்சி திரும்பினாலும் கொஞ்சம்தான் திரும்பும். இவ்வளவுதான் டாக்டர் சொன்னது.

வீட்டுக்கு வந்து ஒரு வாரம் அண்ணி யாரோடும் பேசவில்லை. பட்டறைக்கு மட்டும் தவறாமல் வந்தார். மெஷின் காலெட்டைத் திறக்கும் ஸ்பேனர் அவர் ஏப்ரன் பையில்தான் இருக்கும். அதைக் கொடுக்கவும் இல்லை, மெஷினைத் தொடவும் இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்து மெஷினையே பார்த்துக்கொண்டிருப்பார். செத்த வீட்டில் உட்கார்ந்திருப்பது போல இருக்கும். காப்பகத் தடுப்புகள் அப்படியே கிடந்தன.

எனக்கு ஒரு யோசனை வந்தது. மெஷினைத் தலைகீழாக ஒரு மேசைக்கு அடியில் பூட்டிவிடலாம். பிட்டு மட்டும் மேலே எட்டிப் பார்க்கும். மெஷினைப் பிடிக்க வேண்டாம். மரத்தைத் தள்ளினால் போதும். அதிர்வு கைக்கு வராது. அண்ணன் துள்ளிக் குதித்தார். "இதை முன்னாடியே சொல்றதுக்கென்னடா!"

அண்ணி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மரத்தைத் தள்ளினா விரல் பிட்டுக்குப் பக்கத்துல போகும்ல?"

"போகும்" என்றேன்.

"வெட்டிச்சுன்னா எனக்கு எப்படித் தெரியும்? சத்தத்தை வெச்சா? 'ஏங்க, கெட்டி மரம் வெட்டற மாதிரி இல்லையே, எலும்பு மாதிரி இருக்கே'ன்னு உங்களைக் கூப்பிட்டுக் கேக்கவா?"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. அண்ணன் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார்.

சிரித்து முடித்த அண்ணி ஏப்ரன் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்தார். உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். உள்ளங்கையில் இன்னும் உணர்ச்சி இருக்கிறது, அதன் கனம் அங்கே தெரிந்திருக்கும்.

"கதவுல குத்தினது அவரு நெஞ்சில குத்தியிருந்தா?" என்றார். என்னிடம் கேட்கவில்லை. ஸ்பேனரை என் கையில் வைத்தார். "நீ ஓட்டு. ஆனா பிட்டு நான்தான் எடுத்துத் தருவேன்."

மறுநாள் ஆறு எம்.எம். தண்டுகள் எல்லாவற்றுக்கும் சிவப்பு நகப்பூச்சு பூசினார். "எனக்காக ஒருநாள் பூசினதில்ல, இரும்புக்குப் பூசறா" என்று அண்ணன் புலம்பினார். சேதமான தடுப்புக்குப் பதில் புதிதாக ஒன்று அறுத்தேன். அண்ணி நடுவிரல் பிட்டைக் கண்ணால் பார்த்து எடுத்துத் தந்தார். நான் ஓட்டினேன். விரலால் தடவிப் பார்த்தேன். எனக்கு வெண்ணெய் மாதிரி இருந்தது. அண்ணி கன்னத்தை வைத்தார். "இங்க நின்னிருக்க" என்றார். "இங்கயும்." வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் அங்கே மங்கலாக இரண்டு கருகல். மறுபடி ஓட்டினேன். காப்பகத்துக்குப் போன ஒவ்வொரு தடுப்பும் அந்தக் கன்னத்தைத் தாண்டித்தான் போனது.

முதல் நாள் வேலை முடிந்து மெஷினைக் கீழே வைத்தபோது என் கை ரீங்காரம் போட்டுக்கொண்டிருந்தது. உதறிவிட்டுக்கொண்டேன். அண்ணி பார்த்துவிட்டார்.

மறுநாள் காலையில் ஸ்பேனரைக் காணோம். அது மறுபடி ஏப்ரன் பைக்குப் போயிருந்தது. அண்ணி ஒரு தையல் ஊசியோடு நின்றார்.

"கையை நீட்டு. கண்ணை மூடு."

"எதுக்கு அண்ணி?"

"மூடுன்னா மூடு."

அன்றிலிருந்து இதுதான் வழக்கம். தினமும் காலையில் குத்து. எந்த விரல் என்று சரியாகச் சொன்னால்தான் ஸ்பேனர். நடுநடுவே மெஷினை வைத்துவிட்டுக் கை ஆற விட வேண்டும் என்றும் உத்தரவு. அதிர்வு தாங்கும் கையுறையும் வந்துவிட்டது. அண்ணன் வாசலில் நின்று, "இன்னிக்கு நோயாளி எப்படி இருக்காரு டாக்டரம்மா?" என்று வேடிக்கை பார்ப்பார்.

ஒருநாள் அவசர வேலை. சீக்கிரம் ஆரம்பிக்க வேண்டும். கண்ணை மூடியதுமே, "ஆ! மோதிரவிரல்!" என்று கத்தினேன்.

கண்ணைத் திறந்தேன். அண்ணி ஊசியை இன்னும் தன் காது உயரத்துக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான் குத்தவே இல்ல, தம்பி."

எனக்கு முகம் செத்துவிட்டது. டாக்டர் முன்னால் கண்ணை மூடிக்கொண்டு அவர் ஏதேதோ சொன்னது ஒரு நொடி என் கண்முன்னால் வந்து போனது. அவருக்கும் வந்திருக்க வேண்டும்.

"ஆளை ஏமாத்தறது எப்படின்னு எனக்கே சொல்லித் தர்றியா? கண்ணை மூடு."

மூடினேன். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு நறுக்கென்று ஒன்று ஏறியது. "ஐயோ! சுண்டுவிரல்! சுண்டுவிரல் அண்ணி!" துள்ளியதில் பசை டப்பா கவிழ்ந்தது.

"இது நெசம்" என்றார் அண்ணி. ஸ்பேனரை என் மற்றக் கையில் வைத்துவிட்டு, பிட்டுப் பெட்டியைத் திறக்கப் போனார்.